சொல்யூஷன் வைத்து ஒட்டிய சென்சார்

சென்சார் என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை வில்லை. முழங்கைக்கு மேலே, கையின் பின்பக்கச் சதையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் அடியில் தலைமுடி கனத்தில் ஓர் இழை தோலுக்குள் போய் நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடம்பின் சர்க்கரை அளவைப் பார்த்துப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு மிகவும் இறங்கினால் போன் கத்தும். ஒரு வில்லைக்குப் பதினான்கு நாள் ஆயுள்.

என் கையில் அது தானாக ஒருமுறையும் பதினான்கு நாள் தாங்கியதில்லை. தாங்க வைக்கப் போய்த்தான் ஆஸ்பத்திரியில் படுத்தேன். இப்போது கை ஆறிவிட்டது. வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சர்க்கரை வந்தது. வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை. கணையம் என்ற உறுப்பு இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திவிடும் வகை. இனிப்பு தின்றதால் வருவதும் இல்லை, மாத்திரையில் அடங்குவதும் இல்லை. சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் ஊசி போட வேண்டும், சாகும்வரை. "பையன் ஸ்வீட்டு ஜாஸ்தி துண்ணானா?" என்று சர்ச்சில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா பதில் சொல்லி ஓய்ந்துபோனாள். அப்பாவை நான் நைனா என்பேன். அவர் தோல் பதனிடும் ஷெட்டில், தோல்களை ரசாயனத்தில் சுழற்றும் டிரம்மை ஓட்டுபவர். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஒட்டுகிற டேபிளில் இருக்கிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் பி.காம் முடித்தேன்.

கல்லூரி இரண்டாம் வருடம், வேலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது ஒரு நாள் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. கூடத் தங்கியிருந்தவன் தட்டிப் பார்த்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். தூக்கத்தில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. இதை லோ என்பார்கள். லோ வந்தால் சாதாரணமாகக் கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும். அடிக்கடி லோ வந்தவர்களுக்கு உடம்பு அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதை நிறுத்திவிடுமாம். எனக்கு நின்றுவிட்டது. அளவு இறங்குவது எனக்குத் தெரியாது. தெரியாமலே மயங்குவேன். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அப்படியே போய்விடவும் கூடும் என்று அம்மாவிடம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அன்றோடு அறையைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்தேன். படித்து முடித்து அம்மா வேலை செய்யும் கம்பெனியிலேயே ஆபீசில் சேர்ந்தேன். போன வருடம் சென்னையில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து யாரும் அப்படி ஒரு வேலைக்குப் போனதில்லை. ஆனால் தனியாகத் தங்க வேண்டும்.

"சென்சார் கையில இருந்தா போ. இல்லாத ஒரு நாளு கூட நீ அங்க தனியாப் படுக்கக் கூடாது" என்றாள் அம்மா. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

ஆகவே சென்சார் என்பது எனக்குச் சென்னை. வில்லை கையில் இருந்தால் போகலாம். இல்லையென்றால் இல்லை.

ஆனால் அது நிற்கவில்லை. எனக்கு வேர்வை அதிகம். எங்கள் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். எட்டாம் நாள் ஓரம் தூக்கும், ஒன்பதாம் நாள் சட்டை கழற்றும்போது கூடவே வந்துவிடும். ஒருமுறை பஸ் ஜன்னல் கம்பியில் இடித்து மூன்றாம் நாளே போய்விட்டது. இரண்டு வில்லை வாங்கினால் மாதம் ஓட வேண்டும். எனக்கு மூன்று, சில மாதம் நான்கு. வாங்க முடியாத நாட்களில் வெறும் கையோடு இருப்பேன்.

சரியான வழிகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டுகிற நாளில் தேங்காய் எண்ணெய் அந்தக் கையில் படக் கூடாது. குளித்துத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது தானாகக் காயும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். ஊதிக் காயவைக்கக் கூடாது. கதவு நிலையில் இடிக்காத பக்கமாகப் பார்த்துப் பின்சதையில் வைக்க வேண்டும். மேலே ஒட்ட நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்திரி கிடைக்கிறது. ஓரம் தூக்கினால் பிய்க்காமல் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். அந்தக் கைமேல் படுத்தால் அளவைக் குறைத்துக் காட்டும், ஆகவே மறுபக்கம் படுக்க வேண்டும். நாள் முடியும் முன்பே கெட்டுப்போனால் விற்றவரிடம் சொன்னால் சில சமயம் மாற்றித் தருவார்கள். பதினான்கு நாள் முடிந்த வில்லையை ஏமாற்றி மறுபடி ஓட்ட வழி இருப்பதாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழையில் பூசிய மருந்து அதற்குள் தீர்ந்திருக்கும். அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

இதெல்லாம் செய்தும் எனக்குப் பத்து நாளுக்குமேல் நிற்கவில்லை. சென்னையில் சேர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரேயர் முடிந்து வந்து, அம்மா ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தாள். உள்ளே தேன் நிறத்தில் சொல்யூஷன்.

ஷூவின் மேல்தோலையும் உள்தோலையும் ஒட்டும் பசையைத்தான் எங்கள் பக்கம் சொல்யூஷன் என்பார்கள். கம்பெனியில் பெரிய டின்னிலிருந்து சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். அம்மா பதினெட்டு வருடமாக அதில் பிரஷ்ஷை முக்கி எடுக்கிறாள்.

"இது கைல பட்டா இன்னாவாவும்மா?" என்றேன்.

"என் கைல தெனம் படுதே, எனக்கு இன்னா ஆச்சு? மழையில நடந்தாலே பிரியாத சாமான்டா இது. ஒன் வேர்வைக்கா பிரிஞ்சிடும்?"

"அரிக்காதா?"

"புதுசுல எல்லாருக்கும் கொஞ்சம் அரிக்கும். அப்பால பழகிடும். டேபிளுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க மொத மாசம் சொறிஞ்சிக்கினேதான் இருப்பாளுங்க."

ஷூ ஒட்டுவதில் முறை இருக்கிறது. ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்திலும் மெல்லிசாகத் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது. விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அம்மா அதையே செய்தாள். இழைக்கு நேராக எதுவும் படாமல், வில்லையின் ஓரப் பிளாஸ்திரியில் ஒரு வட்டம், என் தோலில் ஒரு வட்டம், தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றித் தடவினாள். காயும்வரை கையை ஆட்டாதே என்றாள். அழுத்தினாள். எக்ஸ்போர்ட் பீசுக்குக்கூட அவள் அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்க மாட்டாள்.

பதினான்கு நாளும் நின்றது. வேர்வைக்கு அசையவில்லை, பைப்படிக் குளியலுக்கு அசையவில்லை. பதினைந்தாம் நாள் பிரித்தபோது சிவந்து ஒரு வளையம் இருந்தது, அவ்வளவுதான். அம்மா அன்றைக்குக் கோழிக்கறி செய்தாள். "மெட்ராசுக்கு டப்பா நெறைய ஊத்திக் குடுக்கறன், எடுத்துக்கினு போ" என்றாள்.

அடுத்த வில்லையை இடது கையில் ஒட்டினோம். மூன்றாம் நாளே அரிப்பு. வேர்க்குரு மாதிரி பொடிப் பொடியாக எழும்பி, பிறகு நீர் கோத்துக்கொண்டது. பழகிவிடும் என்று நான் காத்திருந்தேன். வில்லையைச் சுற்றிக் கை தடித்தது, சுட்டது. போனில் மட்டும் எண்கள் ஒழுங்காக இருந்தன. நூற்றிப் பத்து, நூற்றி இருபது. இவ்வளவு நல்ல கட்டுப்பாடு எனக்கு வந்ததே இல்லை. எண் தொண்ணூறுக்கு வந்தபோது லோ வந்துவிடப் போகிறதே என்று இன்சுலினைக் குறைத்துக்கொண்டேன். விரலில் குத்திப் பார்க்கவில்லை. அதற்குத்தானே சென்சார் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் ஆபீசிலேயே வாந்தி எடுத்தேன். தண்ணீர் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தேன். மூச்சு ஓடிவந்தவனைப்போல வாங்கியது. ஆம்பூர் ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் மெஷினைத் தட்டி மறுபடி குத்தினார். அளவிட முடியாத உயரம் என்று மெஷின் காட்டியது. அதே நேரம் என் போன் நூற்றிப் பதினான்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் பின்னால் விளக்கியது இது. கை புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது. வீங்கி வெந்த சதைக்குள் நிற்கும் இழை உடம்பின் உண்மையான அளவைக் காட்டாது. சீழ் வைத்தால் உடம்புக்கு இன்சுலின் அதிகம் தேவை. நானோ குறைத்துவிட்டேன். இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கும். அப்படி எரிவதில் வரும் புகை மாதிரிதான் கீட்டோன். அது கூடினால் ரத்தமே புளித்துப்போகும். நேரத்தில் கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

முதல் இரண்டு நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. ஒரு கையில் உப்புநீர், ஒரு கையில் இன்சுலின், மணிக்கு ஒருமுறை விரலில் குத்தல். வில்லையை எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. சிஸ்டர் ஸ்பிரிட் தடவி, எண்ணெய் தடவி, உப்புநீர்கூட ஊற்றிப் பார்த்தார்.

"இன்னா பிளாஸ்திரி தம்பி இது? வரவே மாட்டேங்குது."

"பிளாஸ்திரி இல்ல சிஸ்டர். சொல்யூஷன். ஷூ ஒட்டுறது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். கடைசியில் அது தோலோடுதான் வந்தது. அம்மா ஒட்டினது நன்றாகவே ஒட்டியிருந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்துக் கட்டிலில் வாணியம்பாடி பாய் ஒருவர் இருந்தார். தோல் மண்டி வைத்திருந்தவர். சர்க்கரையில் கால் விரல்கள் இரண்டை எடுத்திருந்தார்கள். வார்டு முழுக்க என் கதை அதற்குள் பரவியிருந்தது.

"இன்னா தம்பி, கைக்கு சோல் ஒட்டினியாமே? எத்தினி நம்பர் சைசு?"

நான் சிரிக்கவில்லை. அவர் விடவில்லை.

"கோவிச்சுக்காத. என்னியப் பாரு, ரெண்டு வெரல் போச்சு. இனிமே சைசு கம்மி, கடைக்காரன்கிட்ட காசு கம்மி பண்ணச் சொல்லணும்."

கட்டிலின் காலடியில் நின்று என் போர்வையை மடித்துக்கொண்டிருந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். பாய் பதறிப்போனார். "தோஸ்த் மாதிரி பேசினேம்மா, மனசுல வச்சுக்காத" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாலையில் அவர் மகள் கொண்டுவந்த கஞ்சியில் பாதியை அம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னார். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதை அவர்தான் கவனித்திருக்கிறார்.

நைனா ஷிப்ட் முடிந்து தினமும் வந்தார். ஷெட் ரசாயனத்தின் நீலம் படிந்த நகங்களோடு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். பில் கவுண்டருக்கு அவர்தான் போவார். சீட்டை என்னிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"நாங்க ரெண்டு பேரும் படிக்காதவங்க. நீ படிச்சியே. அந்த டின்னுல இன்னா எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"டின்னு வீட்டுக்கு வரல நைனா. மாத்திரை டப்பாவுல ஊத்திக்கினு வந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மாவிடமும் பேசவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். தினமும் கட்டுப் பிரித்துக் கழுவுவார்கள். வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வலித்தது. எனக்கிருந்த பயம் வேறு. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கேட்டேன்.

"மறுபடியும் எப்ப சென்சார் போடலாம் டாக்டர்? சென்னைல வேலைக்குச் சேரணும்."

சரும டாக்டரைப் பார்க்காமல் கூடாது என்றார் அவர். தோலுக்கு ஒரு பொருள் ஒருமுறை பகையாகிவிட்டால் அந்தப் பகையை அது மறக்காது. அந்தப் பொருளுக்கு மட்டும் பகையா, சென்சாரின் சொந்தப் பிளாஸ்திரிக்கும் பகையா என்று சோதித்தால்தான் தெரியும். கை ஆறிய பிறகுதான் சோதிக்க முடியும். சென்னை ஆபீசுக்குப் போன் செய்து மாதக் கடைசிவரை நேரம் கேட்டேன். அதற்குமேல் முடியாது என்றார்கள்.

சோதனை எளிமையானது. முதுகில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒவ்வொரு பொருளையும் வைத்து ஒட்டிவிடுவார்கள். குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். மறுபடி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். சில பகைகள் தாமதமாகத்தான் தலைகாட்டும்.

அந்த நாட்களில் வீட்டில் நான் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன். பேன் காற்று முதுகில் படும்படி நைனா அதைத் திருப்பி வைத்தார். அம்மா கம்பெனியிலிருந்து வந்ததும் என் முதுகுப் பக்கம் வந்து நிற்பாள். "அரிக்குதா?" என்பாள். "இல்லம்மா" என்பேன். அரித்தது. எந்தச் சதுரம் என்றுதான் தெரியவில்லை.

முதல் தடவை பார்த்தபோது சொல்யூஷனில் உள்ள பிசினுக்கான சதுரம் கொப்புளித்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். சென்சார் பிளாஸ்திரி வைத்த சதுரம் வெறும் தோலாக இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார் சரும டாக்டர். வெளியே வந்ததும் அம்மா ஆர்க்காடு மக்கன் பேடா என்ற இனிப்பை வாங்கி நைனாவுக்கு முழுதாகக் கொடுத்தாள், எனக்கு ஒரு துளி கிள்ளி வாயில் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது, சென்னை அறையில் பைப்பு உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் தடவை டாக்டர் முதுகை வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். லைட்டைக் கிட்டே இழுத்தார்.

"இதுவும் வந்திருக்கு தம்பி."

"எது டாக்டர்?"

"சென்சாரோட பிளாஸ்திரி. லேசாத்தான். ஆனா வந்திருக்கு."

சொல்யூஷனால் வெந்த தோலின் வழியாகப் பிளாஸ்திரியின் பசையும் உள்ளே போய் அதுவும் பகையாகியிருக்கலாம் என்றார். சொல்யூஷன் இல்லாமலே சிலருக்கு இது வருவதும் உண்டாம். எது என்று சொல்ல முடியாது. இப்போதைக்குச் சென்சார் கூடாது. பல மாதம் கழித்து, வேறு பசை உள்ள வேறு ரகத்தை, நடுவில் தடுப்பு வைத்துப் பார்க்கலாம். உறுதி கொடுக்க முடியாது.

"கொஞ்ச நாளாவது நிக்குமா டாக்டர்? பதினாலு வேணாம், ஒரு வாரம்?" என்று அம்மா கேட்டாள்.

"நிக்கறது பிரச்சினை இல்லம்மா. வைக்கவே கூடாது."

பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, சொல்யூஷன் பட்ட கையால், சேலையால், இனி என்னைத் தொட வேண்டாம் என்றார். கொஞ்சம் பட்டாலும் எனக்குப் பொங்கும். குளித்து உடுப்பு மாற்றினாலும் நக இடுக்கில் இருக்கும் என்றார். நீங்கள் வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அம்மா கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

வராந்தாவில் உட்கார்ந்தே சென்னைக்குப் போன் செய்தேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"வேற ஆள் போட்டுக்கறாங்களாம்."

அவள் என் தோளில் கை வைக்க வந்தாள். வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

இப்போது பழைய ஆபீசுக்கே போகிறேன். விரலில் குத்திப் பார்க்கிறேன், படுக்கும் முன் ஒன்று, நடு ராத்திரியில் அலாரம் வைத்து ஒன்று. இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கைத் தழும்புக்குக் களிம்பு போடுவது நைனா. அம்மா இப்போதும் ஒட்டுகிற டேபிளில்தான் இருக்கிறாள். எனக்குச் சோறு போட்டுத் தட்டைக் கரண்டிக் காம்பால் தள்ளிவிடுகிறாள்.

ராத்திரி நான் தூங்கும்போது தொட்டுப் பார்க்க முடியாததால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். முதலில் "ம்" என்றால் போதும் என்றிருந்தாள். லோவில் இருப்பவனும் "ம்" சொல்வான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து கேள்வி கேட்கிறாள்.

"ஜெபா. நாளைக்கு இன்னா கெழம?"

"வியாழன்."

"சரி, தூங்கு."

அவளுடைய கோரைப்பாய் சலசலக்கும், படுத்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன். நேற்றும் கேட்டாள். சரியாகத்தான் சொன்னேன். பாய்ச் சத்தம் கேட்கவில்லை; அவள் படுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.